ஸ்நோவில் ரசிக்க என்ன இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

படிப்புக்காக செங்கல்பட்டிலிருந்து டொரண்டோ வந்தவள் நான். இதுதான் என் முதல் குளிர்காலம். முதல் ஸ்நோவை அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டிக் குதித்தேன். இரண்டே வாரத்தில் வெறுத்துவிட்டது. அறை, பஸ், வகுப்பு, வேலை, மறுபடி அறை. நீங்கள் குளிர்காலத்தை நிஜமாகவே ரசிக்கிறீர்களா, இல்லை எழுதுவதற்காகவா?

ச.

அன்புள்ள ச.,

ஜனவரியில் ரசிக்கிறேன், மார்ச்சில் திட்டுகிறேன். இரண்டும் நிஜம்தான்.

போன வாரம் ராத்திரி முழுக்கக் கொட்டியது. காலையில் பார்த்தால் எல்லாக் காரும் ஒரே மாதிரி வெள்ளை மேடு. என்னுடையது என்று நினைத்த மேட்டை இருபது நிமிடம் தள்ளினேன், முதுகு பிடித்துக்கொண்டது. கடைசியில் கண்ணாடியைத் துடைத்தால் உள்ளே குழந்தை இருக்கை. எங்கள் வீட்டில் குழந்தையே கிடையாது. நிமிர்ந்தால், மாடி ஜன்னலில் ஒருவர் காபிக் கோப்பையோடு கையசைக்கிறார். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாரோ! வேண்டுமென்றே உதவியவன்போல நானும் கையசைத்துவிட்டு அடுத்த மேட்டுக்கு நகர்ந்தேன்.

இதைப் பனி என்று எழுத எனக்கு இன்னும் மனம் வருவதில்லை. பனி என்றால் மார்கழிக் காலையில் சைக்கிள் சீட்டை நனைத்திருப்பதுதான். இது ஸ்நோ. ஆனால் தினமும் ஒரே ஸ்நோ இல்லை. பூஜ்யம் டிகிரியை ஒட்டி விழுவதில் ஈரம் இருக்கும், கொழுக்கட்டை மாவு மாதிரி பிடித்தால் பிடித்தபடி நிற்கும். பொம்மை செய்ய அதுதான் வாகு. கடுங்குளிரில் விழுவது கோலப்பொடி, உருட்டவே வராது. மைனஸ் பத்துக்குக் கீழே போனால் மிதிக்கும்போது கிறீச்சிடும். பஸ்ஸுக்கு நடக்கும்போது காதில் மாட்டியிருப்பதைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள், போனைப் பார்க்காமலே குளிரைச் சொல்லிவிடலாம். புது ஸ்நோவின் துகள்களுக்கு நடுவே காற்று நிறைய இருப்பதால் அது தெருச் சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். விடியற்காலையில் அந்த அமைதி தனி.

ஒரே எச்சரிக்கை: ஈரம்போல் கறுப்பாகத் தெரியும் தரையை நம்பாதீர்கள், மேலே கண்ணாடி மாதிரி ஐஸ் இருக்கும். நான்கு லிட்டர் பால் பையோடு ஒருமுறை மல்லாந்தேன். பாலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம், அமெரிக்காவின் வெர்மாண்டில், ஜெரிகோ என்ற ஊரில் வில்சன் பென்ட்லி என்று ஒரு விவசாயி இருந்தார். மைக்ரோஸ்கோப்போடு கேமராவைப் பொருத்தி, 1885 ஜனவரி 15 அன்று தன் முதல் ஸ்நோ படிகத்தைப் படம் பிடித்தவர். அதோடு விடவில்லை, ஆயுள் முழுக்க 5000 படங்களுக்கு மேல் எடுத்தார். விழும் படிகங்களை அவர் ஏந்திப் பிடித்தது ஒரு கறுப்புப் பலகையில்.

உங்களிடம் கறுப்புக் கோட் இருக்குமே? காற்று அடங்கிய நாளில், பஸ் நிறுத்தத்தில் கையை நீட்டி வையுங்கள். கோட்டில் விழும் படிகத்தின் ஆறு கைகளும் தெரியும். மூச்சு மட்டும் மேலே படக்கூடாது, கரைந்துவிடும். பஸ்ஸை விட்டுவிட்டால் என்னைத் திட்டாதீர்கள்.