கேள்வி–பதில்: முதலில் ஃப்ரீசர், பிறகுதான் சுவர்

கேள்வி: நார்வேயின் டிரோன்ஹெய்ம் நகரக் கைவினை அருங்காட்சியகத்தில் ஹன்னா ரிக்கன் நெய்த கம்பளிச் சித்திரங்கள் இருக்கின்றனவாமே. ஓவியக் கூடத்துக்கு அல்லவா அவை போயிருக்க வேண்டும்? (வாசகர், திருச்சி)

பதில்: படத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 1935-இல் நெய்த ‘எத்தியோப்பியா’வில் இத்தாலியச் சர்வாதிகாரி முசோலினியின் தலையை ஈட்டி துளைத்து நிற்கிறது. 1937 பாரிஸ் உலகக் கண்காட்சியில் அந்தப் பகுதியை மடித்து மறைத்தார்கள். ஆனால் ரிக்கன் (1894–1970) தாளில் மாதிரி வரையாமல் நேரே தறியில் படம் ஏற்றியவர். கம்பளியைத் தாமே நூற்று, பாறைப் பாசியிலும் தழைகளிலும் சாயம் காய்ச்சியவர். நூலும் சாயமும் தெரிந்தவர்களிடம் அவை இருப்பதே சரி என்பது என் கட்சி.

கேள்வி: இப்படி ஒரு துணியை வாங்கியதும் நேராகச் சுவரில் மாட்டிவிடலாமா? (வாசகி, ஈரோடு)

பதில்: கூடாது. அந்துப்பூச்சி முட்டை ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் மற்ற கம்பளிகளுக்கும் பரவும். முதலில் தனி அறையில் விரித்து இருபக்கமும் படமெடுத்து, கிழிசல், பழைய ஒட்டுத்தையல், வெளுப்பு எல்லாம் குறிக்க வேண்டும். பின்பக்கத்தைக் கவனித்துப் பாருங்கள். வெளிச்சம் அதிகம் படாததால் பழைய நிறம் அங்கேதான் மிஞ்சியிருக்கும். பிறகு பாலித்தீனில் காற்றுப் புகாமல் ஒட்டி, ஃப்ரீசரில் மைனஸ் 30 டிகிரியில் 3 நாள். மைனஸ் 20 என்றால் ஒன்றிரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைத் திறந்தால் குளிர்ந்த கம்பளியில் ஈரம் பூக்கும். ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும்.

ஆணியும் வளையமும் வேண்டாம். பாரம் நாலைந்து புள்ளிகளில் இறங்கித் துணி அலை அலையாகத் தொங்கும். மேல்விளிம்பு முழுக்கப் பருத்தி நாடா வைத்து வெல்க்ரோ தைக்க வேண்டும்: மெத்தென்ற பட்டை துணியில், கொக்கிப் பட்டை சுவர்ச் சட்டத்தில். மாற்றித் தைத்தால் சுருட்டும்போது கொக்கி கம்பளியைப் பிய்க்கும். பாவு (தறியில் முதலில் இழுத்துக் கட்டும் நூல்) கிடைமட்டமாக வரும்படி தொங்கும் துணிகளில் இன்னொரு தொல்லை உண்டு. இரு நிறங்கள் சேரும் இடத்துப் பிளவைத் தைத்த நூல் இற்றுப்போனால், துணியின் பாரத்திலேயே பிளவு வாய் திறக்கும். வெளிச்சம் 50 லக்ஸுக்கு மேல் போகக்கூடாது. சுருட்டி வைப்பதென்றால் பாவு ஓடும் திசையில், முன்பக்கம் வெளியே தெரியும்படி, அகலமான குழாயில். மடித்தீர்களோ, மடிப்பிலேயே இழை முறியும்.

கேள்வி: ரிக்கன் நீலச் சாயத்தில் சிறுநீர் சேர்த்தாராமே, துணி நாறாதா? (வாசகர், காஞ்சிபுரம்)

பதில்: தொட்டி நாறும், அலசிக் காயவைத்த நூல் நாறாது. அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. புளித்த சிறுநீரின் காரத்தன்மையும் நுண்ணுயிர்களும்தான் அதைக் கரைக்கின்றன. தொட்டியிலிருந்து எடுக்கும்போது நூல் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும்.