யானை நின்ற இடத்தில் ஒற்றைக்கொம்பன்

அன்புள்ள ஐயா,

ஐரோப்பிய ஓவியங்களில் ஒரு கன்னியின் மடியில் தலைவைத்துப் படுத்திருக்கும் யூனிகார்ன் என்ற ஒற்றைக்கொம்பு விலங்கைப் பார்த்திருப்பீர்கள். அது கிறிஸ்துவின் குறியீடு என்கிறார்கள். ஆனால் அதற்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சிந்துவெளி முத்திரைகளில் ஒற்றைக்கொம்பு விலங்கு இருக்கிறது. பெண்ணை அனுப்பி மயக்கி அழைத்துவருவதோ, தலையில் கொம்புள்ள முனிவரான நம் ரிஷ்யசிருங்கரின் கதை. அப்படியானால் யூனிகார்ன் இங்கிருந்து போனதுதானே? சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள்.

ஜெயந்தி, திருச்சி

அன்புள்ள ஜெயந்தி,

சிரிக்க ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் வழியாக அது போகவில்லை.

சிந்துவெளி முத்திரைகளில் மிக அதிகமாக வருவது இந்த விலங்குதான். மாட்டின் உடல், முன்னோக்கி வளைந்த ஒரே கொம்பு, முகத்துக்கு முன்னால் ஏதோ சடங்குக்கானது போன்ற ஒரு தாங்கி. பக்கவாட்டில் செதுக்கியதால் மற்றக் கொம்பு மறைந்துவிட்டது என்பவர்கள் உண்டு. எனக்கு அது ஏற்புடையதல்ல. திமில் காளையையும் பக்கவாட்டில்தான் செதுக்கினார்கள். அதற்கு இரண்டு கொம்புகளும் தெரிகின்றன. சுடுமண்ணில் ஒற்றைக்கொம்பு உருவங்களும் கிடைத்திருக்கின்றன. ஆக, வேண்டுமென்றே படைத்த விலங்கு அது. ஆனால் கி.மு. 1900ஐ ஒட்டி அந்த நகரங்கள் நலிந்தபோது முத்திரைகளோடு அதுவும் மறைந்துபோயிற்று.

அதன்பின் ஏறத்தாழ 1500 ஆண்டுகள் கழித்துத்தான் க்டீசியஸ் எழுதுகிறார். பாரசீக அரசவையில் மருத்துவராக இருந்த கிரேக்கர். இந்தியாவுக்கு வந்தவர் அல்லர், கேட்டதை எழுதினார். இந்தியாவில் ஒரு காட்டுக் கழுதை உண்டாம். வெண்ணிற உடல், கருஞ்சிவப்புத் தலை, நீலக் கண்கள். கொம்பு அடியில் வெள்ளை, நடுவில் கறுப்பு, நுனியில் சிவப்பு. அந்தக் கொம்பில் குடித்தால் நஞ்சு ஏறாது. காண்டாமிருகத்தைப் பற்றிய செவிவழிச் செய்தி இதில் கலந்திருப்பது தெளிவு. முத்திரையின் மாட்டுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கன்னியின் மடி எங்கே வந்தது? பிசியோலகஸ் என்ற பழைய கிறிஸ்தவ நூலில். அதில் யூனிகார்ன் ஆட்டுக்குட்டியளவே உள்ள மூர்க்கமான பிராணி. எந்த வேடனாலும் நெருங்க முடியாது. ஒரு கன்னியை உட்காரவைத்தால் தானே வந்து மடியில் தாவி ஏறும். பிடித்து அரசனிடம் கொண்டுபோவார்கள். கன்னி மரியாளின் வயிற்றில் இறங்கிய கிறிஸ்து என்று இதற்கு விளக்கம் சொன்னார்கள். லூக்கா சுவிசேஷம் கிறிஸ்துவை 'இரட்சணியக்கொம்பு' என்பது துணைக்கு வந்தது.

15ஆம் நூற்றாண்டு ஜெர்மானியப் பகுதிகளில் இது இன்னும் துணிச்சலாகிறது. மதில் சூழ்ந்த தோட்டத்தில் மரியாள் அமர்ந்திருக்கிறாள். கிறிஸ்துவின் பிறப்பை அவளுக்கு அறிவித்த காபிரியேல் தூதன் சிறகோடு, வேடனாக, ஊதுகொம்பை வாயில் வைத்தபடி வருகிறான். கையில் பிடித்திருக்கும் நான்கு வேட்டை நாய்களுக்கு இரக்கம், உண்மை, நீதி, சமாதானம் என்று பெயர். நாய்களுக்குப் போய் இப்படிப் பெயரிடத் தோன்றிய அந்தப் பாதிரியாரை எனக்குப் பிடித்திருக்கிறது. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் 1563இல் திருவுருவங்களுக்குக் கட்டுப்பாடு விதித்தபின் இப்படங்கள் அருகிவிட்டன.

ரிஷ்யசிருங்கர் ஒப்புமை உண்மையானது. மகாவஸ்து என்ற பௌத்த நூலில் அவர் பெயரே ஏகசிருங்கர், ஒற்றைக்கொம்பர். அறிஞர்கள் சிலரும் இரண்டையும் இணைத்துப் பேசியிருக்கிறார்கள். ஆனால் அங்கே முனிவரின் பிரம்மசரியம் அசைக்கப்படுகிறது, அவர் வந்ததும் வறண்ட நாட்டில் மழை பெய்கிறது. யூனிகார்ன் கதையில் எல்லாமே கன்னியின் கற்பின்மீது நிற்கிறது. இடையில் கைமாறியதற்கான ஏடு எதுவும் நம்மிடம் இல்லை.

ஏடு ஏடாகத் தடம் காட்டும் இன்னொரு கதை இருக்கிறது. மகாபாரதத்தின் ஸ்திரீ பருவத்தில் விதுரர் திருதராட்டிரனுக்குச் சொல்வது. காட்டில் ஒருவன் பாழ்ங்கிணற்றில் விழுந்து, கொடியில் சிக்கித் தொங்குகிறான். மேலே ஆறு முகமும் பன்னிரண்டு காலும் கொண்ட யானை. அதுதான் ஆண்டு, முகங்கள் பருவங்கள், கால்கள் மாதங்கள். கீழே பாம்பு. கறுப்பும் வெளுப்புமான எலிகள் கிணற்றோர மரத்தை அறுக்கின்றன. அவனோ சொட்டும் தேனை நக்கிக்கொண்டிருக்கிறான். நம் சூளாமணியில் தோலாமொழித்தேவர் இதை நான்கே அடிகளில் முடித்துவிடுகிறார். அங்கும் துரத்துவது யானைதான்.

இந்தக் கதை அரபிக்கும், ஜார்ஜிய மொழி வழியாகக் கிரேக்கத்துக்கும் போய், பர்லாம், யோசபாத் என்ற புனிதர்களின் வரலாற்றில் சேர்ந்தது. யோசபாத் வேறு யாருமல்லர், புத்தர். போதிசத்துவர் என்ற பெயர் தேய்ந்து யோசபாத் ஆயிற்று. கத்தோலிக்கத் திருச்சபை நவம்பர் 27ஐ அவருக்கு நினைவுநாளாகக் கொடுத்திருந்தது! கிரேக்க வடிவத்தில் கிணறு பெரும் பள்ளமானது, அவன் தொங்கிய கொடிக்குப் பதில் மரமே வந்தது, துரத்தும் யானை யூனிகார்ன் ஆனது. கிரேக்கர்களுக்கு அலெக்சாந்தர் காலம் முதலே யானை தெரியும். ஆகவே தெரியாமல் மாற்றவில்லை. இந்தியக் காடென்றால் க்டீசியஸ் சொன்ன விலங்கு நிற்கட்டும் என்று நினைத்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

இந்தக் கதையில் யூனிகார்ன் கிறிஸ்து அல்ல, மனிதனை விடாமல் துரத்தும் மரணம். ஒரே காலத்து ஐரோப்பிய ஏடுகளில் இரண்டு பொருளிலும் அதை வரைந்திருக்கிறார்கள். அடுத்த முறை பழைய ஓவியம் ஒன்றைப் பார்க்கும்போது மடி இருக்கிறதா, மரம் இருக்கிறதா என்று பாருங்கள். மரமென்றால் வேரருகே இரண்டு எலிகளும் இருக்கும். அந்தப் படத்தை நண்பர்களிடம் காட்டலாம்.

அன்புடன்