அணு எரிபொருள் மறுசெயலாக்கத்தில் ஓடும் கரைப்பான் கெட்டதா என்று பார்க்க டைபியூட்டைல் பாஸ்பேட்டை அளந்தால் போதாதா?

போதாது. அதோடு "இதில் ஆராய என்ன இருக்கிறது, ஒரு டைட்ரேஷன்தானே" என்றும் கேட்டிருக்கிறீர்கள், அதற்காகவே எழுதுகிறேன். எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு வழிகாட்டி இந்தத் தலைப்பைத் தலையில் கட்டிவிட்டார், உங்களுக்குப் பிடிக்கவில்லை, அப்படித்தானே?

அணு எரிபொருள் மறுசெயலாக்கத்தில், அதாவது உலையில் பயன்படுத்திய எரிபொருளை அமிலத்தில் கரைத்துப் பிரிக்கும்போது, யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரித்து இழுக்கும் கரைப்பான் டோடெக்கேன் போன்ற எண்ணெயில் 30 சதவீதம் கலந்த ட்ரைபியூட்டைல் பாஸ்பேட். அமிலமும் கதிர்வீச்சும் சேர்ந்து அதிலிருந்து ஒரு பியூட்டைலைக் கழற்றினால் டைபியூட்டைல், இரண்டைக் கழற்றினால் மோனோபியூட்டைல். டைபியூட்டைல் புளூட்டோனியத்தையும், எரிபொருளில் கழிவாக உண்டாகும் சிர்கோனியத்தையும் பிடித்துக்கொண்டு விடாது. அதனால்தான் கரைப்பானைச் சோடியம் கார்பனேட்டில் கழுவி, அதை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுகிறார்கள்.

புதுச்சேரியில் படித்தபோது கரைப்பான் கெடுவதையும் கழுவுவதையும் யுரேனியம், புளூட்டோனியம் எதுவும் இல்லாமல் செய்து பார்த்தேன். நைட்ரிக் அமிலத்தோடு குலுக்கிய கரைப்பானைக் காமா கதிர் படும் அறையில் வைத்து எடுத்து, கலவையில் இருப்பவற்றைப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராபில் பார்க்க வேண்டும். ஆனால் டைபியூட்டைல், மோனோபியூட்டைல் என்ற அந்த அமில எஸ்டர்கள் அப்படியே ஏற்றினால் ஒழுங்காக ஓடாது, டயசோமீத்தேன் போட்டு மெத்தில் எஸ்டராக்க வேண்டும். அது விஷம், வெடிக்கவும் செய்யும். நான் புகை உறிஞ்சும் ஹூடைத் திறந்தாலே லேபில் பாதிப் பேருக்கு டீ குடிக்கும் நேரம் வந்துவிடும்.

கார்பனேட்டில் கழுவியதும் குரோமட்டோகிராப் வரைபடத்தில் டைபியூட்டைலைக் காட்டும் முகடு, அதாவது பீக், காணாமல் போனது. "முடிஞ்சுதும்மா, தீசிஸ் எழுதிடு" என்றார் சீனியர். நான் விடவில்லை. கழுவிய கரைப்பானைச் சிர்கோனியம் கரைசலோடு குலுக்கி, நைட்ரிக் அமிலத்தால் திரும்பத் திரும்ப அலசி, மிச்சம் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தேன். புதுக் கரைப்பானைவிட நன்றாகவே கூடுதலாக இருந்தது. ஏனென்றால் டோடெக்கேனும் சும்மா இருப்பதில்லை. நைட்ரோ சேர்மங்கள், கார்பாக்சிலிக் அமிலங்கள், நீளச் சங்கிலிப் பாஸ்பேட்டுகள் என்று என்னென்னவோ உண்டாகின்றன, கார்பனேட் இவற்றை முழுசாக எடுப்பதில்லை. பீக் இல்லை என்பதால் கரைப்பான் சுத்தம் என்று ஆகாது.

கல்பாக்கம் அணு மையத்து ஆட்கள் வந்து "இது எங்களுக்கு எப்பவோ தெரியும்" என்பார்கள். தெரியும்தான். நான் கண்டுபிடித்தேன் என்று எங்கே சொன்னேன்? என் மாதிரி ஆலையில் ஓடிய கரைப்பானும் இல்லை, அதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

இந்த வேலையால் வந்த உண்மையான தலைவலி வேறு. கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள், "கதிர்வீச்சுல வேலை செஞ்ச பொண்ணாமே" என்று அத்தையிடம் தனியாக விசாரித்தார்கள். காமா பட்ட திரவம் கதிரியக்கப் பொருளாக மாறிவிடாது என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. இத்தனைக்கும் மாப்பிள்ளையின் அண்ணன் எக்ஸ்ரே சென்டர் வைத்திருக்கிறார்! அந்தச் சம்பந்தம் போனதில் எனக்கு வருத்தமே இல்லை, பஜ்ஜி சொஜ்ஜியைக் காலி செய்துவிட்டுப் போனதில்தான்.

சரி, உங்கள் விஷயம். சிர்கோனியம் சோதனையையும் புராஜெக்டில் சேர்க்கச் சொல்லி வழிகாட்டியிடம் இப்போதே கேளுங்கள், கடைசி மாதத்தில் கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார். அதற்கு முன்னால் உங்கள் துறையின் குரோமட்டோகிராபுக்கு, மாதிரியைச் சுமந்து செல்லும் கேரியர் கேஸ் சிலிண்டர் இருக்கிறதா, இல்லை உறை போட்டு மூடி வைத்திருக்கிறார்களா என்று போய்ப் பாருங்கள்.