எலிக்குக் கொடுத்த அளவு: ஒரு கடிதம்

வணக்கம். பூச்சிமருந்து கொடுக்கப்பட்ட சுண்டெலிகளின் குரோமோசோம்கள் முறிந்ததாக எழுதியிருந்தீர்கள். அந்த எலிகளுக்குக் கொடுக்கும் அளவை எந்த மனிதரும் உட்கொள்வதில்லையே? அப்படியிருக்க, இச்சோதனைகளை வைத்து எதைத்தான் முடிவுசெய்ய முடியும்?

ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

நியாயமான கேள்வி. விடைக்கு முன், அந்தச் சோதனையில் பார்ப்பது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுவாக முதிரும் செல், கடைசிக் கட்டத்தில் தன் உட்கருவை வெளியே தள்ளிவிடும். அதற்கு முந்தைய செல்பிரிவின்போது குரோமோசோமில் ஒரு துண்டு முறிந்து பின்தங்கியிருந்தால், அது மட்டும் வெளியேறாமல் சிறு உருண்டையாக உள்ளேயே தங்கிவிடுகிறது. இதை நுண்கரு என்கிறார்கள். அக்ரிடின் ஆரஞ்சு சாயமிட்டு ஒளிர் நுண்ணோக்கியில் பார்த்தால், செந்நிறமாக ஒளிரும் இளம் செல்லுக்குள் அது மஞ்சள் கலந்த பச்சைப் புள்ளியாகத் தெரியும். ஓ.இ.சி.டி. எனப்படும் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் இன்றைய நெறிமுறைப்படி ஒவ்வொரு விலங்கிலும் குறைந்தது 4,000 இளம் செல்களையாவது பார்த்து எண்ணியாக வேண்டும்.

சில விலங்குகளை மட்டும் வைத்துக்கொண்டு அரிதான ஒரு விளைவைக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பதால்தான் அளவைக் கூட்டிக் கொடுக்கிறார்கள். ஆகவே ஒரு பொருளுக்கு மரபணுவைச் சிதைக்கும் இயல்பு உண்டா என்பதற்கே எலியிடம் விடை இருக்கிறது. மருந்து தெளிப்பவருக்கு எவ்வளவு ஆபத்து என்பதை, அவருடைய தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உண்மையில் உடலில் சேரும் அளவைக் கொண்டு தனியாகத்தான் கணக்கிட வேண்டும். வயிற்றறைக்குள் ஊசிமூலம் செலுத்திக் கிடைத்த முடிவை அப்படியே உணவுக்குப் பொருத்துவதும் தவறுதான்.

ஆனால் அளவு அதிகம் என்று சொல்லி முடிவையே ஒதுக்கிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மண்ணில் பயிர்களைத் தாக்கும் நூற்புழுக்களைக் கொல்லும் டி.பி.சி.பி. என்ற மருந்து எலிகளின் விரைகளைச் சுருங்கச் செய்கிறது என்பது 1961-லேயே ஆய்விதழில் வெளிவந்துவிட்டது. மரபணுவைத் தாக்கும் இயல்பும் அதற்கு உண்டு. கலிபோர்னியாவில் அதைக் கையாண்ட ஆலைத் தொழிலாளர்கள் பலருக்கு விந்தணு மிகக் குறைந்தோ அறவே இல்லாமலோ போயிருந்தது 1977-ல் தெரியவந்தது. அதன் பின்னரே, 1979-ல், அமெரிக்கா அதன் பெரும்பாலான பயன்பாடுகளை நிறுத்தியது. அந்தத் தொழிலாளர்களுக்கு எலியின் செய்தி போய்ச்சேரவே இல்லை என்பதை நினைத்தால் இன்றும் மனம் பதைக்கிறது.

அளவைப் பற்றி இன்னொன்றும் உண்டு. டி.என்.ஏ.வை நேரடியாகத் தாக்கும் பொருளுக்கு, இதற்குக் கீழே தீங்கில்லை என்று ஓர் எல்லையை உறுதியாக வகுக்க இயலாது என்பதே ஒழுங்குமுறை அமைப்புகளின் பொதுவான நிலைப்பாடு. குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்து விஷயத்தில், மரபணு நச்சுத்தன்மை குறித்த ஐயம் தீராததையும் ஒரு காரணமாகக் காட்டி, பாதுகாப்பான அளவு எதையும் நிர்ணயிக்க முடியாது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-ல் அறிவித்தது; 2020-ல் அதன் அனுமதி புதுப்பிக்கப்படவில்லை.