கருவி வந்தும் மாறாத உலகம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அறிவியல் புனைகதைகளை விரும்பிப் படிப்பவன் நான். நாயகனின் ஆய்வகத்தில் நொடியில் கண்டம் தாண்டும் இயந்திரம் இருக்கிறது, சாகக் கிடப்பவரை எழுப்பும் மருந்தும் இருக்கிறது. வெளியே ஜனங்கள் பேருந்துக்குக் காத்து நிற்கிறார்கள், மருத்துவமனைகள் நிரம்பி வழிகின்றன. இது எழுத்தாளரின் சோம்பல்தானா?

ர.

அன்புள்ள ர.,

சோம்பலும் உண்டு. ஆனால் தொடர்கதைக்கு அடுத்த வாரமும் அதே உலகம் வேண்டும். அந்த மருந்து கடைக்கு வந்துவிட்டால் அப்புறம் யார் உயிருக்கு ஆபத்து? அதனால்தான் சூத்திரம் எரிந்துபோகிறது, கண்டுபிடித்தவர் செத்துப்போகிறார். 1966இல் தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் ஆட்களைக் கிரகத்துக்கு நொடியில் அனுப்பும் கருவி வந்ததே, விண்கலம் தரையிறங்குவதைப் படமாக்கச் செலவு அதிகம் என்பதால்தான். பிறகு பல கதைகளில், ஆபத்து என்று ஒன்று இருக்கவேண்டுமே என்று, அந்தக் கருவியையே பழுதாக்க வேண்டியிருந்தது.

என் ஆதங்கம் வேறு. இக்கதைகள் முதல் கருவியோடு நின்றுவிடுகின்றன. சமூகம் மாறுவது அது மலிவாகி, யாரும் வியக்காத பொருளாக ஆனபின்பு. லிஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1854இல் நியூயார்க் கண்காட்சியில், கயிறு அறுந்தாலும் விழாத லிஃப்டைச் செய்த எலிஷா ஓட்டிஸ் அதன் மேடைமேல் நின்றுகொண்டு, அதைத் தாங்கிய கயிற்றை வெட்டச் சொன்னார், மேடை விழவில்லை. அன்றைய சாகச எழுத்தாளர் அந்த வெட்டுண்ட கயிற்றைத்தான் எழுதியிருப்பார். உண்மையான மாற்றம் வாடகையில் நடந்தது. படியேற வேண்டியிருந்த காலத்தில் மேல்மாடி வேலைக்காரர்களுக்கும் ஏழைகளுக்கும். லிஃப்ட் பரவியபின் அதுவே பணக்காரர்களின் இடம். நொடியில் கண்டம் தாண்டும் இயந்திரம் ஊரெங்கும் வந்தால் நகர நிலத்துக்கு என்ன மதிப்பு இருக்கும்? எல்லைக் காவலர் எங்கே நிற்பார்? எனக்கு அந்தக் கதை வேண்டும். நாயகன் கையில் மட்டும் இருக்கும்வரை அது மந்திரவாள்தான்.

மருந்தைப் பற்றி நீங்கள் சொன்னது மட்டும் நடக்காத காரியமல்ல. எச்.ஐ.வி.க்குப் பலனளிக்கும் கூட்டு மருந்துகள் 1996 வாக்கில் வந்துவிட்டன. ஒருவருக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேல். ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கானோர் அது கிடைக்காமல் செத்தார்கள். 2001இல் இந்தியாவின் சிப்லா மருந்து நிறுவனம் அதையே ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. காப்புரிமை வழக்குகள், தெருப் போராட்டங்கள், அரசுகளின் தயக்கம், எல்லாம் அந்த இடைவெளியில் நடந்தவை.

ஆகவே மருந்து ஆய்வகத்திலேயே இருக்கட்டும், எனக்கு ஆட்சேபமில்லை. அதைப் பூட்டி வைத்தது யார், அவருக்கு அதில் என்ன லாபம் என்று கதை சொல்லியாக வேண்டும். நாயகன் வீட்டுக் கதவை ஒருவர்கூட வந்து தட்டவில்லை என்றால் அந்தக் கதையை என்னால் நம்ப முடிவதில்லை.