நாலு செகண்ட் பார்த்த சிறுத்தை (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சார்கோல்லயும் வாட்டர்கலர்லயும் வரையிறவன். கொஞ்ச மாசம் முன்னாடி காட்டு ரோட்ல எங்க வண்டிக்கு முன்னால ஒரு சிறுத்தை கிராஸ் பண்ணிச்சு. நாலு செகண்ட் இருந்தா அதிகம். அன்னைலேர்ந்து வேற எதையும் வரையத் தோணல. நெட்ல இருக்குற போட்டோவ வச்சு வரைஞ்சா நல்லாத்தான் வருது, எல்லாரும் லைக் போடுறாங்க, ஆனா எனக்கு அது வேற யாரோ பார்த்த சிறுத்தையாவே இருக்கு. நாலு செகண்ட் பார்த்தத வச்சு வரைய முடியுமா, இல்ல திரும்பத் திரும்ப காட்டுக்குப் போய் தேடணுமா? சீக்கிரம் ஒரு குரூப் ஷோ வருது, அதுல பெரிய கேன்வாஸா வைக்கணும்னு ஆசை.

உங்க வாசகன்

அன்புள்ள தம்பி,

நாலு செகண்ட் தாராளமா போதும். மாமல்லபுரத்து பெரிய பாறைச் சிற்பத்துல பின்னங்கால தூக்கி மூக்க சொறிஞ்சிக்கிற மான் ஒண்ணு இருக்கு, பார்த்திருப்பீங்க. பல்லவர் காலத்து வேலை, 7ஆம் நூற்றாண்டு. ஒரு மான் நிஜத்துல எவ்ளோ நேரம் அப்படி நிக்கும் சொல்லுங்க, சிற்பி உளிய கையில எடுக்குறதுக்குள்ள அது கால கீழ வச்சிட்டு போயிருக்கும், ஆனா அந்த ஒரு நொடி அவர் மனசுல அப்படியே நின்னு அதுக்கப்புறம் பொறுமையா கல்லுல இறங்கியிருக்கு. பிரான்ஸ்ல ஷோவே குகைன்னு ஒண்ணு, 1994ல கண்டுபிடிச்சாங்க, உள்ள இருக்குற சிங்கமும் காண்டாமிருகமும் 30,000 வருஷத்துக்கும் முந்தினது. வெளிச்சமே போகாத ஆழத்துல தீப்பந்தத்த வச்சிக்கிட்டு வரைஞ்சது அது, அங்க எந்த சிங்கமும் அவங்க முன்னாடி வந்து நிக்கல, எல்லாம் ஞாபகம்தான்.

அந்தச் சிங்கங்கள இன்னொரு தடவ நல்லா பாருங்கன்னு உங்ககிட்ட கேட்டுக்கிறேன். நிறைய எடத்துல தலை மட்டும் இருக்கும், கழுத்து வரைக்கும் வந்து கோடு நின்னுடும், இல்லன்னா முதுகு மட்டும் ஒரு நீளக் கோடா ஓடும். மிச்சம் வெறும் பாறை. உங்க கேள்விக்கு பதில் அங்கதான் இருக்குன்னு நான் நினைக்கிறேன். நாலு செகண்ட்ல பார்த்தத வரையலாம், ஆனா பார்க்காதத அதுல ஒட்ட வைக்காதீங்க. நீங்க என்ன பண்றீங்கன்னா, உங்களுக்கு கிடைச்சது ஒரு தோளும் வாலோட ஒரு வளைவும்தான், மிச்ச உடம்ப நெட்லேர்ந்து எடுத்து நிரப்புறீங்க, அதனாலதான் அது யாரோ பார்த்ததா ஆயிடுது.

இப்படி நிரப்புனா என்ன ஆகும்கிறதுக்கு ஜெர்மன் ஓவியர் ட்யூரரோட காண்டாமிருகம் நல்ல உதாரணம். 1515ல லிஸ்பனுக்கு கப்பல்ல வந்த காண்டாமிருகத்த அவர் கண்ணால பார்க்கவே இல்ல, யாரோ அனுப்புன வர்ணனையும் ஒரு ஸ்கெட்ச்சும்தான் கையில. தெரியாத எடத்துல எல்லாம் தனக்குத் தெரிஞ்ச போர்க்கவசத்த போட்டாரு, தோள் மேல இல்லாத ஒரு குட்டிக் கொம்பு வேற. அழகான படம்தான், நான் மறுக்கல, ஐரோப்பா ரொம்ப காலம் காண்டாமிருகம் இப்படித்தான் இருக்கும்னே நம்புச்சு. ஆனா அதே ஆள் 1502ல வரைஞ்ச முயல் இருக்கே, அத பக்கத்துல வச்சுப் பாருங்க. காது முடி, பாதத்து ஓரம், உட்கார்ந்திருந்தாலும் எப்ப வேணா ஓடிடும்ங்கிற அந்த இறுக்கம், எல்லாம் பார்த்தவனோட கை. எனக்கு அந்த முயல்தான் பெரிசு, எப்பவும்.

போட்டோவ பத்தி ஒண்ணு சொல்லணும். காட்டு மிருக போட்டோல்லாம் பெரும்பாலும் ரொம்ப தூரத்துலேர்ந்து பெரிய லென்ஸ் போட்டு எடுக்குறது, அந்த தூரத்துலேர்ந்து பார்த்தா உடம்போட ஆழம் நசுங்கி தலையும் இடுப்பும் ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டுன மாதிரி ஆயிடும். ஷட்டரும் செகண்ட்ல ஆயிரத்துல ஒரு பங்குன்னு அடிக்கும், அந்த நிலைய எந்த மனுஷக் கண்ணும் தனியா பிடிச்சதில்ல. உங்க கண்ணுல பட்டது ஒரு நகர்வு, ஒரு கால் தூக்கி இன்னொண்ணு வைக்கிற வரைக்கும் ஒண்ணா சேர்ந்த ஒண்ணு. பிரெஞ்சு சிற்பி ரோடின் இதத்தான் சொன்னாரு, காலம் நிக்கிறதில்ல, அதனால போட்டோதான் பொய், கலைஞன் சொல்றதுதான் உண்மைன்னு. நான் அந்தப் பக்கம்தான். போட்டோவே வேண்டாம்னு சொல்ல வரல, நீங்க பார்த்தத பேப்பர்ல இறக்கினதுக்கு அப்புறம் புள்ளி எப்படி இருக்கும்னு சரி பார்க்க திறங்க, அதுக்கு முன்னாடி வேண்டாம்.

அப்ப முன்னாடி என்ன பண்றது? எலும்பு படிங்க. ஓவியர் டெலக்ரோவாவும் சிற்பி பாரியும் பாரிஸ்ல விலங்குக் காட்சி சாலையில போய் சிங்கத்த வரைஞ்சவங்க, அங்க ஒரு சிங்கம் செத்தப்போ டெலக்ரோவா பாரிக்கு ‘சிங்கம் செத்துடுச்சு, ஓடி வாங்க’ன்னு சீட்டு எழுதுனாரு. தோலுக்குக் கீழ என்ன இருக்குன்னு பார்க்க அவ்ளோ பசி. (அந்த பாரிகிட்ட கொஞ்ச காலம் படிச்சவர்தான் நான் சொன்ன ரோடின்.) உங்களுக்கு செத்த சிங்கம் தேவையில்ல, ஒரு பூனை போதும். பூனை இனத்துல காறை எலும்பு ரொம்ப சின்னது, வேற எந்த எலும்போடயும் சரியா சேராது, அதனால தோள்பட்டை எலும்பு சதையில மட்டும் தொங்கிட்டு இருக்கும். நடக்கும்போது ஒண்ணு மாத்தி ஒண்ணு முதுகுக்கோட்டுக்கு மேல எழும்பி எழும்பி அடங்கும், தலை மட்டும் ஒரே மட்டத்துல போகும். கண்ண மூடி யோசிச்சா உங்களுக்கு மொதல்ல வர்றது அந்தத் தோளாத்தான் இருக்கும்னு நான் அடிச்சு சொல்வேன். அந்த ஏத்த இறக்கத்த மட்டும் சார்கோல்ல போட்டு போட்டு பழகுங்க, புள்ளியே வேண்டாம் இப்போதைக்கு. புள்ளி வரும்போதும் பூ வளையம் உடம்புலதான், முகத்துலயும் கால் கீழயும் முழுக் கறுப்புப் புள்ளி, எல்லா எடத்துலயும் ஒரே அச்சு குத்துனா உடம்பு தட்டையாயிடும்.

காட்டுக்குப் போங்க, நல்லா போங்க. ஆனா அந்தச் சிறுத்தைய தேடிப் போகாதீங்க. எனக்கு மனசு வலிக்கிற விஷயம் இது, ஒரு மிருகம் தெரிஞ்சிடுச்சுன்னா போதும், அஞ்சாறு ஜீப் சுத்தி நிக்குது, அது போற வழிய மறிக்குது, அது ஓரமா பதுங்கி கண்ண சுருக்கிட்டு உட்கார்ந்திருக்கு, அத வந்து இன்ஸ்பிரேஷன்னு சொல்றாங்க. பயந்த மிருகத்தோட தோள் கூட வேற மாதிரிதான் இருக்கும். உங்கள ஒரு பொருட்டாவே மதிக்காம ரோட்ட தாண்டிப் போச்சு பாருங்க, அதான் உங்கள பிடிச்சு ஆட்டுது. கூட்டமா விரட்டுனா அது கிடைக்காது. போய் மான், குரங்கு, கொக்கு, எது தானா வந்து தன் வேலைய பார்க்குதோ அத உட்கார்ந்து வரைங்க, கை வேகமாகும், சிறுத்தைக்கும் அது உதவும்.

ஷோவுக்கு பெரிய கேன்வாஸ் இப்ப வேண்டாம் தம்பி. டேட்டுக்காக அவசரப்பட்டா மறுபடியும் நெட்லேர்ந்துதான் நிரப்புவீங்க. அந்தத் தோள் ஸ்கெட்ச்சுல நல்லா வந்ததா ஏழெட்டு எடுத்து, முழுசாகாததாவே, ஒரே வரிசையா மாட்டுங்க. மாட்டுறதுக்கு முன்னாடி எனக்கும் அனுப்புங்க, நான் பார்க்கணும்.

அன்புடன்,
அக்கா