இரண்டாம் தடவை ஓட்டினால் என்ன ஆகும்?

கேள்வி: எங்கள் அலுவலகத்து சிஎம்எஸ் (தளத்தின் கட்டுரைகளை நிர்வகிக்கும் மென்பொருள்) ஜாவாவில் எழுதியது, உள்ளடக்கத்தை மரம் போல அடுக்கிச் சேமிக்கும் அப்பாச்சி ஜாக்ரேபிட் ஓக் மேல் ஓடுகிறது. பழைய தளத்தின் 6,000 கட்டுரைகளை அதில் ஏற்ற ஒரு புரோகிராம் எழுதினேன். ஆட்நோட் போட்டு ஒரு நோடை, அதாவது அந்த மரத்தில் ஒரு கிளையை, உருவாக்கியதும் ஒரு சேவ், தலைப்பும் உள்ளடக்கமும் வைத்ததும் இன்னொரு சேவ். தலைப்பையே நோடின் பெயராக வைத்தேன். பாதியில் கரண்ட் போய்விட்டது. மறுபடி ஓட்டினால் முதல் கட்டுரையிலேயே 'ஐட்டம் எக்ஸிஸ்ட்ஸ் எக்ஸெப்ஷன்', அதாவது அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்று நிற்கிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றவா சார்?

பதில்: அழிக்காதீர்கள். ஏறிய கட்டுரைகளில் அதற்குள் யாராவது உட்கார்ந்து பிழை திருத்தியிருந்தால் அந்த உழைப்பும் போய்விடும். இந்த மாதிரி ஏற்றும் வேலை ஒரே ஓட்டத்தில் முடிந்து நான் பார்த்ததில்லை, கரண்ட் போகாவிட்டால் நெட்வொர்க் போகும், அதுவும் சரியாக இருந்தால் தேதியே இல்லாத ஒரு கட்டுரை நடுவில் வந்து நிற்கும். அதனால் எத்தனை தடவை ஓட்டினாலும் கெடாத மாதிரி எழுதிவிடுங்கள். ஆட்நோடுக்கு முன்னால் அந்த நோட் ஏற்கெனவே இருக்கிறதா என்று ஹேஸ்நோட் கேளுங்கள், இருந்தால் தொடாமல் தாண்டுங்கள்.

ஆனால் இப்போதே அப்படித் தாண்டினால் ஒரு சிக்கல் உண்டு. கரண்ட் போன நொடியில் ஏறிக்கொண்டிருந்த கட்டுரையைத் திறந்து பாருங்கள், பெயர் மட்டும் இருந்து உள்ளே காலியாக இருக்கலாம், அதைத் தாண்டிவிட்டால் காலியாகவே நின்றுவிடும். முதல் சேவ் முடிந்து இரண்டாவது நடக்காமல் போனால் அப்படித்தான் ஆகும். ஓக்கில் ஒரு சேவ் என்றால் அதில் உள்ளது எல்லாம் ஏறும், இல்லாவிட்டால் எதுவுமே ஏறாது. எனவே தலைப்பு, உள்ளடக்கம் என எல்லாப் பண்புகளையும் வைத்த பிறகே சேவ் செய்யுங்கள், அதையும் நூறு கட்டுரைக்கு ஒரு தடவை செய்தால் போதும், வேகமும் கூடும். நடுவில் ஒன்று தவறினால் செஷனில் (ஓக்குடன் உங்கள் புரோகிராம் வைத்திருக்கும் இணைப்பு) ரெஃப்ரெஷ் ஃபால்ஸ் கொடுத்து, சேமிக்காததை உதறிவிட்டு அந்த நூறை மட்டும் மறுபடி எடுங்கள்.

பெயர் விஷயத்தில்தான் எனக்கு உண்மையான கவலை. தலைப்பை நாளைக்கு எடிட்டர் மாற்றலாம். பழைய தளத்தில் அவர் ஒரு ஒற்றெழுத்தைச் சேர்த்துவிட்டால் போதும், அடுத்த ஓட்டத்தில் அதே கட்டுரை இரண்டாவது நோடாக வந்து உட்கார்ந்துவிடும். தமிழ்த் தலைப்பு முகவரியிலும் இம்சை: 'அம்மா' என்ற சின்னச் சொல் யூனிகோடில் 5 குறியீடுகள், யுடிஎஃப்-8இல் 15 பைட், முகவரிக்காக அதன் ஒவ்வொரு பைட்டையும் சதவீதக் குறி போட்டு எழுதினால் 45 எழுத்து நீளம். பழைய தளத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு வரிசை எண் இருக்குமே, அதைப் பெயராக வையுங்கள், தலைப்பு தனிப் பண்பாக இருக்கட்டும். ஏற்கெனவே ஏறியவற்றை செஷனில் மூவ் போட்டுப் புதுப் பெயருக்கு மாற்றிவிடலாம், அழிக்கத் தேவையில்லை.

அப்புறம், ஆறாயிரத்தையும் ஒரே நோடின் கீழ் கொட்டாதீர்கள். அந்தத் தாய் நோட் என்டி அன்ஸ்ட்ரக்சர்டு (எந்தப் பண்பையும் பிள்ளையையும் ஏற்கும்) வகை என்றால் பிள்ளைகளின் வரிசையை ஓக் பட்டியலாக வைத்திருக்கும், பிள்ளைகள் கூடக் கூட அதைத் திருத்துவதே பெரிய வேலையாகிவிடும். ஆண்டு, அதன் கீழ் மாதம் என்று பிரித்துவிடுங்கள்.

முதலில் இருபது கட்டுரையை ஒரு சோதனைத் தளத்தில் இரண்டு தடவை ஏற்றிப் பாருங்கள். இரண்டாம் தடவைக்குப் பிறகும் எண்ணிக்கை இருபதாகவே இருந்தால் மிச்சத்தை ஆரம்பிக்கலாம்.